மரப்பாலத்துப் பிடிமண்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. காரைக்குடியில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கரண்டோடு புழங்குகிறவன் பயப்படாவிட்டால்தான் ஆபத்து என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சமாளித்துவிடுவேன். ஆனால் என் பயம் கரண்டோடு நிற்பதில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கமாட்டேன். மொட்டைமாடிச் சுவரில் சாயமாட்டேன். ரயில் பிளாட்பாரத்தில் எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால், நான் டீக்கடைச் சுவரோடு ஒட்டி நிற்பேன். அப்படிப்பட்டவன் வெளிநாட்டில், ஆற்றுக்கு மேலே போகும் ஒரு மரப்பாலத்தில், ரயில் வருவது தெரிந்தே ஓடினேன் என்றால் எங்கள் தெருவில் ஒருவரும் நம்புவதில்லை.

ஓட வைத்தவள் என் மனைவி. அவள் கானாடுகாத்தானில், ஹோட்டலாக மாறிவிட்ட ஒரு பெரிய வீட்டில் அறைகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறாள். எந்தெந்தத் தேசத்து ஆட்களோ முதுகில் ஒரு மூட்டையோடு அங்கே வந்து இறங்குவார்கள். தலை நரைத்த பெண்கள் தனியாக ரயிலேறி வந்து, இரண்டு நாள் இட்லி தின்றுவிட்டு, மறுபடியும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து இவளுக்குத் துணிச்சல் ஏறிவிட்டது. "அந்தம்மாவுக்கு முட்டி ஆபரேசன் பண்ணியிருக்காம். அதுவே இம்புட்டுத் தூரம் வருது. நமக்கு என்ன கேடு?" என்பாள். யாரோ விட்டுப்போன ஒரு பெரிய முதுகுப்பையைத் துவைத்துக் காயவைத்து எங்கள் வீட்டு பீரோ மேல் வைத்திருந்தாள். நான் அந்த பீரோவைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன்.

ஆனால் ஊர் சுற்றும் ஆசையில் அவள் கிளம்பவில்லை. அவளுடைய அப்பாவின் அப்பா, அவள் பேச்சில் 'அய்யா', கல்லல் பக்கத்து ஆசாரி. மரவேலைக்கென்று கப்பலேறி மலேயா போனவர். போனபோது வீட்டில் மனைவி கர்ப்பிணி. பிறகு போர் வந்தது. ஜப்பான்காரர்கள் மலேயாவைப் பிடித்ததும், சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டங்களிலும் கடைத்தெருக்களிலும் இருந்த தமிழர்களை வாரிக்கொண்டு போனார்கள். அய்யாவும் போனார். திரும்பவில்லை. அதே வேலைக்குப் போய்ப் பிழைத்து வந்த ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்ன விஷயம் மட்டும்தான் இவர்களிடம் இருந்தது. மலையை ஒட்டி ஆறு ஓடும் இடத்தில், மரத்தாலேயே நீளமாக ஒரு பாலம் கட்டினார்களாம். அதன் கீழ்க்கோடியில் காய்ச்சலில் விழுந்த அய்யா எழுந்திருக்கவில்லையாம். மற்றவர்களை அடுத்த முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செத்ததைச் சொல்லவந்தவரும் கண்ணால் பார்க்கவில்லை.

கண்ணால் பார்க்கவில்லை என்ற அந்த ஒரு வார்த்தைதான் ஒரு குடும்பத்தையே கட்டிப்போட்டது. அய்யாவின் மனைவி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. என் மாமனார் ஆடி அமாவாசைக்கு மற்ற எல்லோருக்கும் இலை போடுவார், தன் அப்பாவுக்குப் போடமாட்டார். போட்டால் உயிரோடு இருக்கிறவரைக் கொன்றது போல ஆகிவிடும். போடாவிட்டால் செத்தவரைப் பட்டினி போட்டது போல. ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு நாள் அவர் யாரோடும் பேசாமல் இருப்பார். அவருக்கு இவள் ஒரே பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நினைவு தப்புவதற்குமுன் இவள் கையைப் பிடித்து, "எங்கப்பனக் கூட்டிட்டு வந்துரு ஆத்தா" என்றார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பீரோ மேல் இருந்த பை இறங்கப்போகிறது என்று.

எங்கள் பக்கத்தில் குலதெய்வத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுப்பார்கள். அதற்குப் பெயர் பிடிமண். அந்த மண்ணோடு சாமியும் வந்துவிடும். செத்தவரையும் அப்படிக் கூட்டி வரலாமா என்று இவள் கோயில் பூசாரியிடம் கேட்டாள். அவர் வழி இருக்கிறது என்றார். செத்த இடத்துக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, வெறுங்காலோடு நடக்க வேண்டும். வண்டி ஏறுகிற இடம் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. என்ன கேட்டாலும், யார் கூப்பிட்டாலும், திரும்பிப் பார்க்கக் கூடாது.

"அவுக ஒன் பின்னாலயே வருவாக. நீ திரும்புனா, நம்ம மேல நம்பிக்கையில்லன்னு அந்த எடத்துலயே நின்னுருவாக" என்றார் பூசாரி.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான். அப்படி என் அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு நடந்த அந்தப் பத்தடியே எனக்கு ஒரு யுகமாக இருந்தது. இவள் ஒரு காட்டுக்குள் போய், ஆளில்லாத இடத்தில், அதைச் செய்யப்போகிறாள். நான் போகவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். காய்ச்சல் வரும் என்றேன், பாஷை தெரியாது என்றேன், மண்ணை நாடு விட்டு நாடு கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்றேன்.

"பிடிச்சா நான் உள்ள போறேன். நீக வீட்டுக்கு வந்துருங்க" என்றாள்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்தோம். அங்கிருந்து வடக்கே எல்லாம் ரயில். விமானத்தில் நேராகவே போயிருக்கலாம். ஆனால் அய்யாவைக் கொண்டுபோன வழியிலேயே போக வேண்டும் என்று இவள் பிடிவாதம். மலேசிய ரயில் குளுகுளுவென்று, கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. அவள் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு, "இதே பாதையிலதான் கூட்ஸ் வண்டியில அடைச்சுக் கொண்டு போயிருக்காக. உக்கார எடமில்லாம, நின்னுக்கிட்டே" என்றாள். நான் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் எல்லை வரும்வரை சாயவில்லை.

எல்லை ஸ்டேஷனில் இறங்கி, ஒரு நாட்டின் முத்திரையை வாங்கிக்கொண்டு, நாலடி நடந்து இன்னொரு நாட்டின் முத்திரையை வாங்க வேண்டும். அதிகாரி பையைத் திறக்கச் சொன்னார். மேலேயே மஞ்சள் துணி மடித்து வைத்திருந்தது. அவர் அதை எடுத்து உதறினார். ஒன்றுமில்லை. என்ன இது என்பது போலப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் ஏதோ உளற ஆரம்பிக்கும்முன், இவள் துணியை வாங்கித் தலையில் கட்டிக்காட்டினாள், வெயிலுக்கு என்று. அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு வந்த தாய்லாந்து ரயில் நம் ஊர்ப் பாசஞ்சர் மாதிரியே இருந்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கடகடவென்று ஆட்டம், திறந்த ஜன்னல், சோற்றுப் பொட்டலம் விற்கிற பெண்கள். மறுநாள் காலையில் பான்போங் என்ற சின்ன ஊரில் இறங்கினோம். அங்கேதான் அந்தக் காலத்தில் கூட்ஸ் வண்டிகளிலிருந்து ஆட்களை இறக்கி, மீதி வழியை நடத்தியே கொண்டு போனார்களாம். நாங்கள் நடக்கவில்லை. ஒரு வேனில் காஞ்சனபுரி போய்ச் சேர்ந்தோம்.

காஞ்சனபுரியில் எனக்கு ஏற்பட்டது வேறுவிதமான பயம். எல்லாமே சந்தோஷமாக இருந்தது. இதே ரயில் பாதைக்காகக் கட்டி, சினிமாவில் வந்து பேர்போன இரும்புப் பாலத்தின் வாசலில், போரில் போட்ட குண்டுகளைத் தூண் மாதிரி நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். அது செத்த குண்டுதானா என்று யாரிடமாவது கேட்கவேண்டும் போல இருந்தது எனக்கு. நான் அந்தப் பக்கமே போகவில்லை. கொஞ்ச தூரத்தில் ஜப்பான்காரர்களிடம் கைதியாகி இந்தப் பாதை வேலையில் செத்த போர்வீரர்களின் கல்லறைத் தோட்டம். வெட்டிச் சீவின புல், வரிசை வரிசையாகப் பித்தளைத் தகடுகள், தகட்டுக்கு ஒரு பூச்செடி. இவள் ஒவ்வொன்றாகக் குனிந்து படித்துக்கொண்டே போனாள். இருபது வயது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். தமிழாளுக்கு அப்படி ஒரு தகடு கிடையாது. அவர்களைக் குவியலாகப் புதைத்த இடம் ஒன்று ஒரு புத்தர் கோயிலுக்குள் இருக்கிறது என்றார்கள். அங்கேயும் போனோம். இவள் கும்பிட்டாள். நான் மெல்ல, "இங்கயே ஒரு பிடி எடுத்துருவோமே" என்றேன்.

"மரப்பாலம்னுதான சொன்னாக" என்றாள். "இங்க எடுத்தா வேற யாராச்சும் வந்துருவாக."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்த மரப்பாலம் இன்னும் இருக்கிறது. கட்டைகளை மாற்றியிருக்கிறார்கள், ஆனால் அதே இடம், அதே வளைவு. சாவுப் பாதை என்றே பெயர் வாங்கிய அந்தப் பழைய பாதையில் இன்றைக்கும் ஓடுகிற ரயிலில் ஏறி, மறுநாள் முற்பகலில் அங்கே போய் இறங்கினோம். ஒரு பக்கம் செங்குத்தான பாறை. அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மரக்கால்களின் மேல், தண்டவாளம் வளைந்து போகிறது. மறுபக்கம் ஒன்றுமில்லை. கீழே ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலம் என்பதால் கூட்டம் குறைவு. தூறல் போட்டுக்கொண்டே இருந்தது. ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரியிடம் சைகையால் அடுத்த ரயில் எப்போது என்று கேட்டேன். அவள் கையை நீட்டி மத்தியானம் தாண்டி என்று காட்டினாள். எனக்கு அது போதுமானதாக இல்லை. மறுபடி கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வாழைப்பழம் வேண்டுமா என்று கேட்டாள்.

சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் அந்தப் பாலத்தில் நடந்து போவது வழக்கமாம். நடந்தோம். சில இடத்தில் பலகை, சில இடத்தில் வெறும் ஸ்லீப்பர் கட்டை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஆறு தெரியும். நான் பாறைப்பக்கம் கையை ஊன்றிக்கொண்டு, அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, கோழி நடை நடந்தேன். இடையிடையே பாறையைக் குடைந்து ஆள் ஒதுங்க இடம் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஒதுக்கிடத்திலும் நின்று மூச்சு வாங்கினேன். அவள் பொறுமையாக நின்றாள். கீழ்க்கோடி வந்து மண்ணை மிதித்தபோது எனக்கு உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது.

பாலம் முடிகிற இடத்தில் மூங்கில் புதர். ஈர மண், கறுப்பாக. அவள் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு, பையை என் தோளில் மாட்டினாள். தெற்கே பார்த்து நின்று அய்யாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு பெரியவரைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "கல்லல்லருந்து வந்திருக்கோம். ஒங்க மகனோட மக. வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள். குரல் நடுங்கவே இல்லை. குனிந்து ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தாள். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பாலத்தில் ஏறி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் பின்னாலேயே நானும் ஏறியிருக்க வேண்டும். ஆனால் பிடித்துக்கொள்ள இப்போது அவள் பை இல்லை. அது என் முதுகில் இருந்தது. பூசாரி சொன்னது வேறு நினைவுக்கு வந்தது: அவுக பின்னாலயே வருவாக. அப்படியானால் அவளுக்கும் எனக்கும் நடுவே இப்போது ஒருத்தர் போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் என் கால் மண்ணிலேயே ஊன்றிக்கொண்டது. அவள் போய்க்கொண்டே இருந்தாள். நடை அவளுடையதாகவே இல்லை. அவள் எப்போதும் வேகுவேகென்று நடப்பாள். இப்போது ஒரு கிழவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது போல நிதானமாகப் போனாள். வெறுங்கால் ஈரக் கட்டையில் பதிவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் என் காலை ஒட்டியிருந்த தண்டவாளம் லேசாக அதிர்ந்தது.

முதலில் என் உடம்புதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். அப்புறம் எனக்குப் பின்னால், மூங்கில் காட்டுக்குள், கொம்பு சத்தம் கேட்டது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சனி, ஞாயிறு மட்டும் சுற்றுலாக்காரர்களுக்கென்று ஒரு தனி ரயில் விடுகிறார்கள் என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரியவந்தது. கடைக்காரி மத்தியானம் என்று காட்டியது தினசரி வண்டியை. திரும்பிப் பார்த்தேன். வளைவில் மஞ்சள் விளக்கு தெரிந்தது. நான் இருந்த இடத்தில் ஒதுங்கி நின்றால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவள் பாலத்தின் நடுவில் இருந்தாள்.

"ஏய்!" என்று கத்தினேன். "ரயிலு வருது! ஒதுங்கு!"

அவள் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து ஆற்றில் நீளப் படகு ஒன்று மோட்டார் அலறப் போனது. அதன் சத்தம் பாறையில் மோதி எல்லாவற்றையும் மூடியது. படகு போன பிறகும் கத்தினேன். "இந்தா! ஒதுங்கு! பாறப் பக்கம் ஒதுங்கு!" தலை அசையவில்லை. தோள் அசையவில்லை. கைகளை ஏந்தியபடியே அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தாள். யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது என்றால், யார் என்பதில் நானும் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானேதான் கூப்பிடுகிறேன் என்று அவள் எப்படி நம்புவாள்? இந்த மாதிரி இடத்தில் தெரிந்த குரலில் வேறு ஏதாவது கூப்பிடும் என்றுதானே நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

நான் பாலத்தில் ஏறி ஓடினேன்.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. யோசித்திருந்தால் ஏறியிருக்கமாட்டேன். முதுகில் பை ஆட, கீழே ஆறு கட்டை கட்டையாகத் துண்டுபட்டு ஓட, கத்திக்கொண்டே ஓடினேன். என்ன கத்தினேன் என்றும் தெரியாது. கல்யாணமான புதிதில் அவளைக் கூப்பிட்ட பெயர், கெட்ட வார்த்தை, சாமி பெயர், எல்லாம் வாயில் வந்தது. பின்னால் கொம்பு மறுபடியும் நீளமாக ஊதியது. வண்டி பாலத்தில் ஏறிவிட்டதைப் பாதம் சொன்னது. அவள் முதுகு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, ஆனாலும் எட்டவில்லை. அப்போது என் இடது கால் ஈரக் கட்டையில் வழுக்கி, இரண்டு கட்டைக்கு நடுவே முழங்கால் வரை இறங்கியது. தாடை தண்டவாளத்தில் அடித்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மூச்சே வரவில்லை. கால் காற்றில் தொங்குவது தெரிந்தது. நான் சாகப்போகிறேன் என்பதைவிட, அவள் கடைசிவரை திரும்பமாட்டாள், நான் செத்தது தெரியாமலே ஸ்டேஷன் வரை நடந்துபோவாள் என்பதுதான் என்னை அதிகமாக உலுக்கியது.

அவள் நின்றாள். திரும்பினாள்.

அவள் முகத்தை அந்த நேரத்தில் எப்படிப் பார்த்தேனோ, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள் ரயிலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அவள் ஸ்டேஷன் பக்கம் ஓடியிருந்தால் தப்பித்திருப்பாள். ரயில் வருகிற பக்கமாக, என்னை நோக்கி ஓடி வந்தாள். இரண்டு கையையும் என் கக்கத்தில் கொடுத்துத் தூக்கினாள். இரண்டு கையையும் கொடுத்தாள் என்றால் துணி எங்கே போயிற்று என்று நான் அப்போது நினைக்கவில்லை. கால் வெளியே வந்தது, தோல் உரிந்து. இரண்டு பேரும் பாறையில் குடைந்த ஒதுக்கிடத்துக்குள் விழுந்தோம். அவள் என்னைப் பாறையோடு சேர்த்து அழுத்தி மேலே சாய்ந்துகொண்டாள். ரயில் எங்களை உரசுகிற மாதிரி போனது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள். ஒரு பெண் கையசைத்தாள். ஒரு ஆள் எங்களைப் போட்டோ எடுத்தான்.

அந்தப் பாலத்தில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகுமாம். டிரைவர் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பாராம். ஸ்டேஷனில் எங்களைத் திட்டிய அதிகாரி, ஆங்கிலம் தெரிந்த ஒரு பயணியை வைத்து இதைச் சொன்னார். இருக்கட்டும். வளைவில் பாறை மறைக்கிற இடம் அது. கட்டைகளுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டு கிடந்தவன் நான்.

வண்டி போன பிறகு அவள் என்னை விட்டு விலகி, பாலத்தின் ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்தாள். மஞ்சள் துணி தண்ணீரில் கொஞ்ச தூரம் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அப்புறம் கலங்கலில் அடங்கிவிட்டது. அவள் அங்கேயே ஈரக் கட்டையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாமனார் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. நான் நொண்டிக்கொண்டே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உயரத்தின் பயம் எனக்கு அந்த நேரம் தெரியவில்லை.

ஸ்டேஷனில் கடைக்காரி என் காலுக்கு ஏதோ பச்சை எண்ணெய் தடவிவிட்டாள். மத்தியான ரயிலுக்குக் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"நான் கூப்பிட்டது ஒனக்குக் கேக்கவே இல்லையா? படகுச் சத்தமா?"

"கேட்டுச்சு."

"ரயிலு?"

"அதுவுந்தான் கேட்டுச்சு. கொம்பு ஊதுனது, தண்டவாளம் ஆடுனது, எல்லாம்."

"கேட்டுமா நடந்த?"

அவள் வாழைப்பழத்தின் தோலை மெல்ல உரித்தாள். "அவுக பின்னால வந்துக்கிட்டிருந்தாக. எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. மூச்சு விடுறதுகூடக் கேட்டுச்சு. இம்புட்டு வருசம் யாரும் வரலன்னு காட்டுல கெடந்தவுக. நான் திரும்புனா நின்னுருவாகளேன்னு இருந்துச்சு. ரயிலு வந்தா வரட்டும்னு நெனச்சேன்."

"அப்பறம் ஏன் திரும்புன?"

"ஒங்க சத்தம் நின்னு போச்சுல்ல" என்றாள்.

நான் கத்திக்கொண்டே இருந்திருந்தால் அவள் போய்க்கொண்டே இருந்திருப்பாள். என் தொண்டை அடைத்துப்போனதால்தான் இரண்டு பேரும் உயிரோடு உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தோம். இதை நினைத்தால் இன்றைக்கும் கடையில் காயில் சுற்றுகிற கை நின்றுவிடுகிறது.

அன்று சாயங்காலம் காஞ்சனபுரி விடுதியிலிருந்து பூசாரிக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவுக அதே எடத்துலதான் இருப்பாகளாம். பாலத்துக்கு நடுவுல. மறுபடி போய்க் கூப்பிட்டா வருவாக. ஆனா நான் கூட்டிட்டு வரக் கூடாதாம், ஒரு வாட்டி திரும்பிட்டேன்ல. மருமகன் எடுக்கலாம்னு சொல்றாரு." என் காலில் இருந்த கட்டைச் சரிசெய்தாள். "அடுத்த வருசம் வருவோம். நீக மண்ண எடுத்துக்கிட்டு முன்னால போங்க. நான் பின்னால வாரேன்."

"நீ வர்றியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தெரியாது."

"பேசிக்கிட்டே வா."

"வருவேன். ஆனா நீக திரும்பக் கூடாது. என் சத்தம் நின்னாலும் திரும்பக் கூடாது" என்றாள்.

ஊருக்கு வந்து மாதங்கள் ஆகிவிட்டன. காலில் தழும்பு மட்டும் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு இவள் அய்யாவுக்கு இலை போடவில்லை. அடுத்த வருஷம் போடுவோம் என்று சொல்லிவிட்டாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்து நிற்பாள். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போய்ப் பழகவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு நடக்கிறேன். இதுவரைக்கும் ஒரு நாள்கூட முடியவில்லை.